கேமரா சுழலும்போது எது சுழலக் கூடாது?

ஓய்வு நேரங்களில் ஒரு சின்ன கேம் எழுதிவருகிறேன். ஒரு பக்கம் மிதவைக் கட்டை பொருத்திய பாய்த்தோணியை, மேலிருந்து பார்த்தபடி, தீவுக்குத் தீவு ஓட்டிச் செல்ல வேண்டும். களம் மேற்குப் பசிபிக்கின் கரோலின் தீவுகள். திசைகாட்டியோ காகித வரைபடமோ இல்லாமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடலைத் தாண்டிய மாலுமிகளின் ஊர் அது. அங்கே சடவால் என்ற சிறு தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக்தான் 1976-இல் ஹோகுலேயா என்ற இரட்டைத் தோணியை ஹவாயிலிருந்து தஹிதி வரை கருவிகள் ஏதும் இல்லாமல் வழிநடத்தினார். அந்தக் கடலறிவில் கொஞ்சமாவது விளையாடுகிறவர் கைக்கு வரவேண்டும் என்பது என் ஆசை.

இந்த கேமில் தோணியின் முனை எப்போதும் திரையின் மேல்பக்கத்தையே நோக்கியிருக்கும். வலப்பக்கம் திருப்பினால் தோணி அப்படியே நிற்க, கடலும் தீவுகளும் இடஞ்சுழியாகச் சுழலும். கப்பல் ராடாரில் இந்தப் பார்வைக்கு ‘ஹெட்-அப்’ என்று பெயர். வடக்கை எப்போதும் மேலே வைத்திருந்தால் ‘நார்த்-அப்’. ஹெட்-அப் பார்வையில் வலம் என்றால் வலம், இடம் என்றால் இடம்தான். மனதுக்குள் திசையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும் வேலை இல்லை. ஆனால் இதைத் தேர்ந்தெடுத்த உடனே திரையில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் பிடித்து நிறுத்தி, இது சுழல வேண்டியதா இல்லையா என்று கேட்டாக வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். திரை 800-க்கு 600 பிக்சல். இடது மேல் மூலையில், ஓரங்களிலிருந்து 16 பிக்சல் தள்ளி, தோணியில் மிச்சமிருக்கும் குடிநீரின் அளவு எழுதியிருக்கிறது. திரையின் நடுப்புள்ளி (400, 300). அங்கிருந்து பார்த்தால் அந்த எழுத்து 384 பிக்சல் இடப்பக்கமும் 284 பிக்சல் மேலேயும் இருக்கிறது. தோணியை இடப்பக்கமாக 10 டிகிரி திருப்புகிறோம். உலகம் நடுப்புள்ளியைச் சுற்றி வலஞ்சுழியாக 10 டிகிரி சுழல்கிறது. எழுத்தும் கூடவே சுழன்றால் அது போய்ச் சேரும் இடம் (71, -46). அதாவது திரைக்கு மேலே, கண்ணுக்கே தெரியாத இடம். வெறும் 10 டிகிரிக்கே இந்த நிலை. 180 டிகிரி திருப்பினால் எதிர் மூலையில் (784, 584) போய்த் தலைகீழாக நிற்கும்.

நடுவிலிருந்து மேல் ஓரம் 300 பிக்சல் தூரம், பக்க ஓரம் 400, மூலையோ 500. பள்ளியில் படித்த அதே 3-4-5 முக்கோணம். சுழலும்போது மூலையில் இருக்கும் பொருள் 500 பிக்சல் ஆரமுள்ள வட்டத்தில் ஓடுகிறது. அந்த வட்டம் திரையைத் தொடுவதே நான்கு மூலைகளில்தான். ஸ்கோர், உயிர், மினிமேப் என்று ‘ஹட்’டில் (விளையாட்டின் மேல் ஒட்டிவைத்தாற்போல் தெரியும் தகவல் பகுதியில்) வரும் எல்லாவற்றையும் நாம் வைப்பதும் மூலைகளில்தான். அதனால் முதலில் காணாமல் போவது அவைதான். இதே கணக்கு கடலுக்கும் பொருந்தும். 800-க்கு 600 அளவில் கடலை வரைந்து வைத்தால், சுழலும்போது மூலைகளில் கறுப்பு முக்கோணங்கள் எட்டிப்பார்க்கும். எந்தக் கோணத்திலும் திரை நிறைய வேண்டுமென்றால் குறைந்தது 1000-க்கு 1000 வேண்டும்.

சரி, எழுத்தை எப்படி நிறுத்துவது? எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி ஒன்று உண்டு. உலகம் 10 டிகிரி சுழல்கிறதா, எழுத்தை எதிர்ப்பக்கமாக 10 டிகிரி சுழற்றிவிட்டால் சரியாகிவிடுமே! காகிதத்தில் சரிதான். ஓட்டிப் பார்த்தால் மூன்று தொந்தரவுகள் வரும்.

முதலாவது, சுழலும் மையம். என் தோணி திரையின் நடுவில் இல்லை; முன்னால் இருக்கும் கடல் அதிகம் தெரியட்டும் என்று (400, 450)-இல் வைத்திருக்கிறேன். உலகம் தோணியைச் சுற்றிச் சுழல்கிறது. ஹட்டைத் திரையின் நடுப்புள்ளியைச் சுற்றித் திருப்பிச் சுழற்றினால், கோணங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். எழுத்து நேராகவே நிற்கும். ஆனால் இடம் நிற்காது. இரண்டு மையங்களுக்கும் நடுவே 150 பிக்சல் இடைவெளி இருப்பதால், எழுத்து நேராக நின்றபடியே 150 பிக்சல் ஆரத்தில் வட்டமடிக்கும். எழுத்து சாயாததால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல.

இரண்டாவது, நேரம். ஒரு ஃபிரேமில், அதாவது திரையில் ஒருமுறை வரையப்படும் படத்தில், முதலில் ஹட்டைத் திருப்பிவிட்டு அப்புறம் கேமராவைத் திருப்பினால், ஹட் எப்போதும் ஒரு ஃபிரேம் பழைய கோணத்திலேயே இருக்கும். சீராகத் திரும்பும்வரை அது கண்ணில் படாது. சட்டென்று திருப்பினாலோ நிறுத்தினாலோ எழுத்து ஒரு நடுக்கு நடுங்கும். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் (கேம் எழுத உதவும் மென்பொருளில்) கேமரா தொடர்பான வேலைகளை ‘அப்டேட்’டில் வைக்காமல், அதற்குப் பின் ஓடும் ‘லேட்-அப்டேட்’டில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது, துல்லியம். கணினியில் சைன், கோசைன் மதிப்புகள் சற்றே வட்டமாக்கப்பட்டவை. ஒரு பக்கம் சுழற்றி அதே அளவு திருப்பிச் சுழற்றினால் விடை கிட்டத்தட்ட பழைய இடம்தான். அச்சு அசலாக அதே இடம் அல்ல. பிக்சல் எழுத்துருவின் ஓரங்கள் ஒரு ஃபிரேமில் இந்தப் பிக்சலிலும் அடுத்த ஃபிரேமில் பக்கத்துப் பிக்சலிலும் விழும். எழுத்து மினுமினுக்கும், மங்கும்.

இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகத் திருத்தலாம். நான் திருத்தச் சொல்ல மாட்டேன். சுழற்றிவிட்டுத் திருப்பிச் சுழற்றுவதே வேண்டாத வேலை. சுழலக் கூடாத பொருளைச் சுழற்சிக்குள்ளேயே விடக் கூடாது. எனக்கு இதில் துளி சந்தேகமும் இல்லை.

அதற்குக் கேமரா என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கேமுக்குள் கேமரா என்று ஒரு பொருள் கிடையாது. திரை எங்கும் போவதில்லை; அது நம் மேசையில் இருக்கிறது. கேமரா வலப்பக்கம் போனது என்றால் உலகம் இடப்பக்கம் நகர்த்தி வரையப்பட்டது என்று அர்த்தம். கேமரா ஒரு கோணம் சுழன்றது என்றால் உலகம் அதே கோணம் எதிர்ப்பக்கம் சுழற்றி வரையப்பட்டது. ‘வியூ மேட்ரிக்ஸ்’ என்பது கேமராவின் இடத்தையும் கோணத்தையும் தலைகீழாக்கிய அணி (எண்களை வரிசையாகவும் நெடுவரிசையாகவும் அடுக்கிய கட்டம்) மட்டுமே. ஒவ்வொரு பொருளையும் அந்த அணியால் பெருக்கித் திரையில் வைக்கிறோம். ஆகவே ஹட் தானாக உலகத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. அதையும் அந்த அணியால் பெருக்கினால்தான் அது சுழலும்.

நான் கரோலின் தீவுகளைக் களமாக எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மாலுமிகளின் கணக்குமுறைக்கு எடாக் என்று பெயர். புலுவாட் தீவில் தங்கி அதை விரிவாகப் பதிவு செய்தவர் தாமஸ் கிளாட்வின் என்ற அமெரிக்க மானிடவியலாளர். எடாக் கணக்கில் தோணி நிற்கிறது, தீவுகள்தான் நகர்கின்றன. போகும் வழிக்குப் பக்கவாட்டில், பெரும்பாலும் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும் ஒரு தீவைக் குறியாக வைத்துக்கொள்வார்கள். அடிவானத்தில் எந்தெந்த நட்சத்திரம் எந்தெந்த இடத்தில் உதிக்கும், மறையும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். புறப்படும்போது குறித்தீவு ஒரு நட்சத்திரத்தின் கீழ் இருக்கும்; போகப்போக அடுத்த நட்சத்திரத்தின் கீழ், அதற்கும் அடுத்ததன் கீழ் என்று பின்னோக்கி நகரும். அப்படி எத்தனை நகர்வு ஆனது என்பதை வைத்து எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்வார்கள். தோணி நகர்வது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கணக்குக்கு எது வசதியோ அதை நிற்க வைத்தார்கள். வியூ மேட்ரிக்ஸ் செய்வதும் அச்சு அசலாக இதுவே.

இந்தத் தொடர்பை நானாக இழுத்து வைக்கவில்லை. 1985-இல் கலிஃபோர்னியாவில் கார்களுக்கான ஒரு வழிகாட்டிக் கருவி விற்பனைக்கு வந்தது. ஜி.பி.எஸ். கிடையாது, சக்கரங்களில் பொருத்திய உணரிகளையும் ஒரு திசைகாட்டியையும் வைத்து இடத்தைக் கணித்தது. வரைபடங்கள் கேசட் நாடாவில் இருந்தன. சின்னத் திரையில் காரின் குறி அசையாமல் நிற்க, தெருக்கள் அதைச் சுற்றி நகர்ந்து சுழன்றன. அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் எடாக். நிறுவியவர் ஸ்டான் ஹனி, பாய்மரப் படகுப் பந்தயங்களில் வழிகாட்டியாகப் போனவர். முதலீடு செய்தவர் நோலன் புஷ்னெல், அட்டாரி என்ற கேம் நிறுவனத்தைத் தொடங்கியவர். பசிபிக் தோணியும் கேம் திரையும் காரும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்ட இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

நிரலுக்கு வருவோம். நான் எழுதுவது லவ் என்ற லுவா எஞ்சினில். அதில் முறை எளிது. ‘புஷ்’ போட்டு இப்போதைய அணியைச் சேமித்துவிட்டு, தோணி நிற்கும் திரைப்புள்ளிக்கு நகர்த்து, கேமராக் கோணத்துக்கு எதிராகச் சுழற்று, கேமராவின் உலக இடத்தைக் கழித்து நகர்த்து. இந்த வரிசை மாறக் கூடாது. சுழற்றி நகர்த்துவதும் நகர்த்திச் சுழற்றுவதும் வேறு வேறு. அப்புறம் கடலையும் தீவுகளையும் வரை. ‘பாப்’ போட்டு பழைய அணிக்குத் திரும்பு. ஹட்டை அதற்குப் பிறகு வரை. பாப்புக்குப் பின்னால் வரைகிற எதற்கும் கேமரா என்று ஒன்று இருப்பதே தெரியாது.

மற்ற எஞ்சின்களிலும் இதே எண்ணம்தான், பெயர்தான் வேறு. யூனிட்டியில் ‘ஓவர்லே’ முறையில் வைத்த கேன்வாஸ் கேமராவைக் கண்டுகொள்வதில்லை. கோடாட்டில் ‘கேன்வாஸ் லேயர்’ இருக்கிறது. கோடாட் 4-இன் இருபரிமாணக் கேமராவில் சுழற்சியைப் புறக்கணிக்கும் அமைப்பு தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருக்கும். கேமராவைச் சுழற்றியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று திகைப்பவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆப்பிளின் ஸ்பிரைட்கிட்டில் கேமராவுக்குக் கீழே பிள்ளையாகச் சேர்த்த பொருள் திரையில் அசையாது. ஃபேசர் 3-இல்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அங்கே ஒரு பொருளின் ‘ஸ்க்ரோல் ஃபேக்டர்’ மதிப்பைப் பூஜ்யமாக்கினால் கேமரா நகரும்போது அது நகராது. அது போதும் என்று நினைத்து விட்டுவிடுவோம். ஆனால் கேமரா சுழன்றாலோ ஜூம் ஆனாலோ அந்தப் பொருளும் கூடவே சுழலும், பெரிதாகும். ஸ்க்ரோல் ஃபேக்டர் நகர்வை மட்டுமே தடுக்கிறது. அங்கே சரியான வழி, ஹட்டுக்கென்று சுழலாத இரண்டாவது கேமராவைச் சேர்ப்பது. முதல் கேமராவிடம் ஹட்டைப் பார்க்காதே என்றும், இரண்டாவதிடம் உலகத்தைப் பார்க்காதே என்றும் சொல்லிவிடுவது.

ஃபேசரின் அந்த நடத்தை பிழை என்று நான் நினைக்கவில்லை. நட்சத்திரங்களை வரையத் தொடங்கியபோது அது எனக்கு நன்றாக விளங்கியது. என் கேமில் திரையின் ஓரத்தைச் சுற்றி ஒரு நட்சத்திர வளையம் இருக்கிறது. தோணி எவ்வளவு தூரம் போனாலும் அந்த வளையம் நகரக் கூடாது; நட்சத்திரங்கள் அவ்வளவு தொலைவில் இருக்கின்றன. ஆனால் தோணி திரும்பினால் வளையம் திரும்பியே ஆக வேண்டும். நகராமல், ஆனால் சுழல வேண்டிய பொருளுக்கு ஸ்க்ரோல் ஃபேக்டர் பூஜ்யம் கச்சிதமான விடை. முப்பரிமாண கேம்களில் வானத்தை வரையும்போது வியூ மேட்ரிக்ஸிலிருந்து நகர்வை மட்டும் நீக்கிவிட்டுச் சுழற்சியை வைத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான். ஆக ‘திரையில் நிலையாக இருக்க வேண்டும்’ என்று மொத்தமாகச் சொன்னால் போதாது. உலகத்தோடு நகர்கிறதா, உலகத்தோடு சுழல்கிறதா என்று ஒவ்வொரு பொருளையும் இரண்டு கேள்விகள் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

தீவின் பெயர்ப்பலகை இதற்கு நேர் எதிர். அது தீவோடு நகர வேண்டும், ஆனால் சாயக் கூடாது. தலைகீழான எழுத்தை யாரும் படிக்க விரும்ப மாட்டார்கள். இங்கேயும் எதிர்ச்சுழற்சி வேண்டாம். தீவின் உலகப் புள்ளியை அணியால் பெருக்கி, திரையில் எங்கே விழுகிறது என்று தெரிந்துகொள்வேன். பெயரை, பாப் போட்ட பிறகு, அந்தப் புள்ளியை முழு எண்ணாக்கி நேராக எழுதுவேன். செல்போன் வரைபடத்தை விரலால் சுழற்றிப் பாருங்கள். தெருக்கள் சுழலும், கடைகளின் பெயர்கள் நிமிர்ந்தே நிற்கும். மேப்பாக்ஸ் போன்ற வரைபட நூலகங்களில் எழுத்து வரைபடத்தோடு சாய வேண்டுமா, திரையோடு நிமிர வேண்டுமா என்று கேட்க ஒரு தனி அமைப்பே உண்டு.

இந்த வகைக்கு எனக்குப் பிடித்த பழைய எடுத்துக்காட்டு 1991-இல் வந்த முதல் சோனிக் கேமின் ஸ்பெஷல் ஸ்டேஜ். அது ஓடிய மெகா டிரைவ் என்ற கேம் கருவியால் படங்களைச் சுழற்ற முடியாது. அதற்கான வன்பொருளே அதில் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டத்தில் முழுப் புதிர்ப்பாதையும் சோனிக்கைச் சுற்றிச் சுழலும். ஒவ்வொரு கட்டையும் தனித்தனி ஸ்பிரைட், அதாவது பின்னணியிலிருந்து தனியாக நகர்த்தக்கூடிய சிறு படம்; அதன் இடத்தைக் கணக்குப் போட்டுச் சுழற்றுகிறார்கள். சுவர்க் கட்டைகளுக்கு மட்டும் பல கோணங்களில் முன்கூட்டியே வரைந்த படங்கள் உண்டு. வளையங்களும் ‘கோல்’ என்று எழுதிய கட்டைகளும் எந்தக் கோணத்திலும் நிமிர்ந்தே இருக்கும். படிக்க வேண்டியது நிமிர்ந்து நின்றது, சுவராக உணர வேண்டியது சாய்ந்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்னால், 1990 நவம்பரில், ஜப்பானில் வெளியான சூப்பர் ஃபாமிகாம் என்ற கேம் கருவி இந்தக் கேள்விக்கு வன்பொருளிலேயே விடை சொல்லிவிட்டது. அதன் ‘மோட் 7’ ஒரே ஒரு பின்னணி லேயரைச் சுழற்றும், பெரிதாக்கும், சிறிதாக்கும். அந்தப் பின்னணி 1024-க்கு 1024 பிக்சல். ஸ்பிரைட்டுகளை அதனால் சுழற்ற முடியாது. அதில் வந்த எஃப்-ஜீரோ என்ற கேமில் பந்தயப் பாதை காலடியில் சுழல, வண்டி திரையில் அதே இடத்தில் நின்றது. அங்கே நிலையாக நிறுத்துவதற்கு யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. சுழற்றுவதுதான் கடினம்.

நிழல் விஷயத்தில் நான் நிறைய நேரம் செலவிட்டேன், அது வீண் என்று தோன்றவில்லை. தென்னைமரத்தின் நிழல் சூரியன் இருக்கும் திசையைச் சார்ந்தது. சூரியன் உலகத்துக்குச் சொந்தம். ஆகவே அந்த நிழல் உலகத்தோடு சுழல வேண்டும். பெயர்ப்பலகை எழுத்துக்குக் கீழே படிக்க வசதியாகப் போட்ட மெல்லிய கறுப்பு நிழலோ திரைக்குச் சொந்தம். அது எப்போதும் வலது கீழே விழ வேண்டும். இரண்டுக்கும் ‘நிழல்’ என்று பெயர் வைத்து ஒரே இடத்தில் வரைந்தால் ஏதாவது ஒன்று கெடும். படம் வரையும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும். பாறையின் இடது மேல் பக்கத்தில் வெளிச்சம் தீட்டியிருந்தால், பாறை சுழலும்போது வெளிச்சமும் சுழலும். அது சரியாகவே இருக்கும், எல்லாப் பாறைகளும் சேர்ந்து சுழலும்வரை. நிமிர்ந்தே நிற்கும் பொருள் ஒன்று நடுவில் வந்தால், அதன் வெளிச்சம் மட்டும் வேறு திசையிலிருந்து வருவதுபோல் இருக்கும். அதனால் நிமிர்ந்து நிற்கும் பொருள்களில் பக்கவாட்டு வெளிச்சம் தீட்டுவதை விட்டுவிட்டேன்.

தொடுதலையும் பிரிக்க வேண்டும். ஹட்டில் இருக்கும் பொத்தானைத் தொட்டால் திரைப் புள்ளியை அப்படியே பார்க்க வேண்டும். தீவைத் தொட்டால் அந்தப் புள்ளியை வியூ மேட்ரிக்ஸின் தலைகீழ் அணியால் பெருக்கி உலகப் புள்ளியாக்க வேண்டும். கண்ணுக்குப் பொத்தான் ஒரு இடத்திலும் விரலுக்கு இன்னொரு இடத்திலும் இருக்கும் கேமை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்றால், சுழலும் திரை சிலருக்கு உண்மையிலேயே தலைசுற்றலைத் தரும். கண் சுழற்சியைப் பார்க்கிறது, உள்காது அசைவே இல்லை என்கிறது. திரையில் ஏதாவது ஒன்று அசையாமல் இருந்தால் கண் அதைப் பற்றிக்கொள்கிறது. 2015-இல் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெய்நிகர்க் கண்ணாடிக் காட்சியின் நடுக்கீழே ஒரு மூக்கை வரைந்து பார்த்தார்கள். மூக்கு இருந்த காட்சியில் மக்கள் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். அதற்காக மெய்நிகர்க் கண்ணாடியில் எழுத்துகளையும் தலையோடு ஒட்டிவிடலாம் என்று எண்ணக் கூடாது. தலையைத் திருப்பிப் படிக்க முடியாமல் எழுத்து கூடவே ஓடினால் கண் களைத்துப்போகும். அங்கே எழுத்தைத் தோணியிலோ காக்பிட்டிலோ பதிப்பதுதான் நல்லது.

என் கேமில் கடைசியாகத் தீர்ந்த சிக்கல் தோணியே கொடுத்தது. கரோலின் தோணியின் மிதவைக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். அதனால் காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து போகும்போது முன்முனையைக் காற்றுக்குக் குறுக்கே திருப்ப மாட்டார்கள். தோணியை நிறுத்தி, பாயின் அடிமுனையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டுவார்கள். அதுவரை பின்முனையாக இருந்தது முன்முனையாகிவிடும். தோணியின் உடல் கொஞ்சம்தான் திரும்பியிருக்கும். போகும் திசையோ தலைகீழாகவே மாறியதுபோல் இருக்கும். கேமராவை முன்முனையோடு கட்டிவைத்தால் அந்தக் கணத்தில் உலகம் சட்டென்று புரண்டுவிடும். பாயைத் தூக்கிச் செல்லும் அந்த இடைவெளியில், தோணி ஏறக்குறைய நின்றிருக்கும்போது, கேமராவை மெதுவாகக் குறுகிய வழியில் சுழற்றுகிறேன். குறுகிய வழி என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: 350 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குப் போக 20 டிகிரி போதும், ஆனால் எண்களை அப்படியே கழித்தால் கேமரா 340 டிகிரி சுற்றிவரும். அந்த நேரத்தில் நட்சத்திர வளையமும் தீவுகளும் சுழல்கின்றன, பெயர்கள் நிமிர்ந்தபடி இடம் மாறுகின்றன, குடிநீர் அளவு அசைவதில்லை.

தோணியை வரையும் கோணம், அதன் திசையிலிருந்து கேமராக் கோணத்தைக் கழித்த மிச்சம். ஹெட்-அப் பார்வையில் இரண்டும் ஒரே எண் என்பதால் மிச்சம் சரியாகப் பூஜ்யம், மினுமினுப்பு இல்லை. தலைசுற்றல் வருகிறவர்களுக்காக அமைப்புகளில் ‘வடக்கு மேலே’ என்று ஒரு தேர்வும் வைத்தேன். அதைத் தேர்ந்தெடுத்தால் கேமராக் கோணம் எப்போதும் பூஜ்யம். கடல் நிற்கிறது, தோணி திரும்புகிறது. அதற்காக ஹட்டிலோ பெயர்ப்பலகையிலோ நட்சத்திர வளையத்திலோ ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டி வரவில்லை.